பட்டப்பகலில் ஒரு பேய்ப்படம்

மீஞ்சூர் கடைத்தெருவில் வெள்ளைச் சேலை கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துப் போடமாட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்பார். எங்கள் டைரக்டரிடமும் அப்படித்தான் கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "இன்னும் யாரும் போகலீங்க, இனிமேதான்" என்றாள். கடைக்காரர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அந்த ஊர்க்காரன். என் நைனா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அந்தக் கடையில்தான் எங்கள் வீட்டுத் தீபாவளித் துணி எல்லாம். "படத்துக்குங்க, பேய் வேஷத்துக்கு" என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் சேலை மேசைக்கு வந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு அவள்மேல் பிரியம் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் சினிமா சொல்லிக்கொடுக்கும் ஒரு கல்லூரியில் நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். நான் கேமரா. பழவேற்காட்டிலிருந்து வந்த ஒருவன் ஒலிப்பதிவு. அந்த ஊரின் பழைய வியாபாரக் குடும்பங்களில் ஒன்று அவனுடையது, எங்களுக்கெல்லாம் அவன் பாய். இயக்கம் படிக்க வந்த ஒரே பெண், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. முதல் வாரம் அவளைக் கிண்டலுக்காக 'டைரக்டர்' என்று கூப்பிட்டோம். மூன்றாம் வாரத்தில் கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சி, அதுமட்டும். முழுக்கதை வேண்டாம். சில நிமிடங்கள் ஓடவேண்டும், பார்க்கிறவன் மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் கறுப்பு வெள்ளைச் சுருள் இரண்டு.

எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். இரவு. தனி வீடு. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம். தானாகத் திறக்கும் கதவு. குறுக்கே பாயும் பூனை. ஓடுகிற பெண், அவள் போடும் அலறல், உடனே படத்தின் பெயர். "இதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், பாதியை உடையுங்கள். எந்தப் பாதி என்பதுதான் பரீட்சை" என்றார். இந்தத் தொடக்கக் காட்சியை வைத்துத்தான் இறுதியாண்டில் யாருக்குச் சொந்தப் படம் கிடைக்கும் என்று முடிவாகும். கிடைக்காதவர்கள் அடுத்தவன் படத்துக்குக் கிளாப் அடித்துக்கொண்டு வருடத்தை ஓட்டவேண்டியதுதான். அவளிடம் மட்டும் அவர் தனியாக, நல்ல மனதோடுதான், பயமுறுத்துவது பெண்களுக்குக் கைவருவதில்லை, விவரணப் படம் பக்கம் போய்விடேன் என்று சொல்லியிருந்தார். அவள் கேன்டீனுக்கு வந்து டீயை ஆறவைத்துவிட்டு, "இந்தத் தொடக்கம் தேறலைன்னா எனக்கு அடுத்த வருஷம் இல்லடா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

மற்ற குழுக்கள் எல்லாம் இரவுக்குப் போயின. கல்லூரியில் இருந்த விளக்குகளுக்கு அடிதடி. யாரோ ஒருவனின் பெரியப்பா பங்களாவில் புகை போட்டுப் புகை போட்டு அக்கம்பக்கத்தார் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடும் அளவுக்குப் போனது. எங்களுக்கு விளக்கு கிடைக்கவில்லை. அப்போதுதான் பாய் தன் ஊரைச் சொன்னான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கல்லறை இருக்கிறது, வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், நாம் செலவே செய்யவேண்டாம் என்றான். போய்ப் பார்த்தோம். உண்மையிலேயே அற்புதமான எலும்புக்கூடுகள். எனக்குக் கை பரபரத்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். "இதைக் காட்டினா பாக்கறவங்க பயப்படறதுக்குத் தயாராயிருவாங்க. தயாரா உக்காந்திருக்கறவங்களப் பயமுறுத்த முடியாதுடா." அன்றைக்கு அது எனக்கு வீம்பாகத் தெரிந்தது. இருபது வருடம் கேமரா பிடித்த பிறகுதான் அந்த ஒரு வரியின் மதிப்பு புரிந்தது.

அவள் யோசனை இதுதான். விளக்கு இல்லையா, சரி. உச்சி வெயிலில் பேய் வரட்டும். பழவேற்காடு ஏரிக்கு நடுவில், நிழலே விழாத வெட்ட வெளியில், மணல் திட்டின் மேல் ஒரு வெள்ளைச் சேலை நிற்கட்டும். தூரத்தில் மீன்பிடிக்கும் படகுகள் ஒன்றும் அறியாதது போலத் தம் வேலையைப் பார்க்கட்டும். கரும்பலகையிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு இரவை உடைப்பது. கேட்கவே நன்றாக இருந்தது. பாயின் மாமா ஒரு படகு ஏற்பாடு செய்துகொடுத்தார். பசியாவரம் தீவையும் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த ஒரு குப்பத்தில் எங்களை இறக்கிவிட்டுப் படகுக்காரர் போய்விட்டார்.

ஆண்கள் எல்லோரும் ஏரியில் இருந்தார்கள். பெண்கள் இறால் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டைரக்டர் அவர்களோடு மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். அவர்களில் ஒரு அக்கா, நல்ல உயரம், சத்தமான பேச்சு, பார்த்தவுடனே கேமராவுக்கு ஏற்ற முகம். சேலையை எடுத்து நீட்டி, இதைக் கட்டிக்கொண்டு அந்தத் திட்டில் சும்மா நின்றால் போதும் என்று இவள் கேட்டாள். அக்காவின் முகம் சட்டென்று மாறியது. "ஆம்பளைங்க தண்ணி மேல கீறசொல்ல வெள்ளச்சீல கட்டுவாங்களா? இன்னா பேச்சு பேசற நீ? மொதல்ல அத்த உள்ள வையி." மற்றப் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மரியாதையாக எழுந்து, குப்பத்தின் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு நீளமான கழி கிடந்தது. அதைத் திட்டில் ஊன்றி, சேலையை மேலே கட்டி, காற்றில் ஆளைப் போல ஆடுகிறதா என்று பார்த்தோம். பிரமாதமாக ஆடியது. யாரையும் கட்டச் சொல்லவில்லை, யார் மனதும் புண்படவில்லை என்று எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு.

கேமரா ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு படகு திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாப் படகுகளும், வலையை அவசர அவசரமாக வாரிப் போட்டுக்கொண்டு, எங்களை நோக்கி. அவள் என் தோளைப் பிடித்து, "நிறுத்தாத, நிறுத்தாத" என்றாள். கடவுளே கொடுத்த காட்சி என்று நினைத்தோம். கிட்டே வர வர அவர்கள் முகம் தெரிந்தது. எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை, கழி ஊன்றுகிறவர் மட்டும் மூச்சுவிடாமல் ஊன்றிக்கொண்டிருந்தார். முன் படகிலிருந்து ஒருவர் தண்ணீரில் குதித்து ஓடிவந்து, "யாரு? யாரு ஊட்ல?" என்றார். அதே நேரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் மணல் மேட்டின் மேல் பெண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நான் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். அவர்களும் அதையேதான் கேட்டார்கள். "யாரு? எந்தப் படகு?"

அந்தக் குப்பங்களில் ஒரு வழக்கம். ஆண்கள் ஏரியில் இருக்கும்போது ஊரில் யாராவது இறந்துவிட்டால் நீளக் கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிக் கரையில் ஊன்றுவார்கள். அதைப் பார்த்தால் வலையில் எவ்வளவு மீன் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஆண்கள் துணியைப் பார்த்து வீட்டில் சாவு என்று வந்தார்கள். பெண்களுக்குத் துணி தெரியவில்லை, படகுகள் நேரம் கெட்ட நேரத்தில் திரும்புவதுதான் தெரிந்தது, படகில் சாவு என்று அவர்கள் ஓடிவந்தார்கள். இரண்டு பக்கமும் மற்றவரிடம்தான் பதில் இருக்கிறது என்று நம்பி, நட்ட நடுவில், எங்கள் முன்னால் வந்து நின்றன. எங்களைப் போன்ற மூன்று மடையர்களும் ஒரு சேலையும் இல்லாமல் அப்படி ஒன்று நடந்திருக்கவே முடியாது.

சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அந்த அக்கா மட்டும் எதையும் காதில் வாங்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் படகு தூரத்தில் இருந்ததால் கடைசியாக வந்தது. அவர் இறங்கிக் கரையில் கால் வைத்த பிறகுதான் அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஊர்ப் பெரியவர்தான் பேசினார். அந்த ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களைக் குப்பத்துக்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அந்த முறைக்குப் பாடு என்று பெயர். "இன்னைக்கு எங்க பாடு. உங்க துணியால போச்சு. பொட்டிய எடுத்துகினு கெளம்புங்க" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டியைக் கட்டும்போது நான் அவள் காதில் சொன்னேன், எல்லாம் பதிந்திருக்கிறது, திரும்பிய படகுகள், ஓடிவந்த பெண்கள், அந்த அக்கா முகம், எல்லாம். பாயும் தன் பக்கம் ஒலி சுத்தமாக வந்திருப்பதாகச் சொன்னான். இப்படி ஒரு பயத்தை எந்த ஸ்டூடியோவிலும் எந்த நடிகரும் தரமுடியாது. அவள் பரீட்சை அந்தச் சுருளில் முடிந்துவிட்டது, அதுவும் முதல் மதிப்பெண்ணோடு. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். அவள் நேரே அந்த அக்காவிடம் போனாள். "ஏனுங்கக்கா, நீங்க ஓடியாந்தது, நின்னு பாத்தது, எல்லாம் இந்தப் பொட்டியில பதிஞ்சிருச்சுங்க. படத்துல போட்டா ஊரெல்லாம் பாக்கும்." அக்கா கேமராவைப் பார்த்தாள். "எங்க ஆளு போயிட்டாருனு நெனச்சேனே, அந்த மூஞ்சா? அத்தயா குந்திகினு பாப்பாங்க?" என்றாள்.

கேமராவின் கதவைத் திறக்கும் உரிமை வகுப்புச் சட்டப்படி எனக்கு மட்டும்தான். அவள் என்னைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளிருந்த சுருளைப் பிடித்து வெயிலில் இழுத்தாள். வெளிச்சம் பட்டால் அதில் எதுவும் மிஞ்சாது. வளையம் வளையமாக அவள் காலடியில் மணலில் விழுந்துகொண்டே இருந்தது. பாய் தன் டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, அந்தக் குரல்களின் மேலேயே வெறும் காற்றைப் பதிந்து அழித்தான். அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லியே" என்றாள். "இப்ப இல்லீங்க" என்றாள் இவள். யாரும் எங்களை மெச்சவில்லை. பெரியவர் ஒரு படகைக் காட்டி ஏறச் சொன்னார், ஏறிவிட்டோம்.

பாய் வீட்டில் அவன் அம்மா சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் போட்டார். என்னால் தாங்க முடியவில்லை, வாய்விட்டே கேட்டுவிட்டேன், உன் வருஷத்தை நீயே மணலில் கொட்டிவிட்டாயே என்று. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது நாம எடுத்தது இல்லடா, புடுங்கினது" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு கவனிச்சியா? அங்க பேயே இல்ல. அவ்வளவு வெயிலு, அவ்வளவு கூட்டம், ஒருத்தர் கூட அலறல. யாருன்னு தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தோற்றுப்போன அன்றைக்கே தோற்ற இடத்திலிருந்து படத்தைத் தேடிக்கொண்டிருந்த அப்படி ஒரு ஆளை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

அடுத்த முறை குப்பத்துக்குப் போனபோது கேமராவை எடுத்துப்போக அவள் விடவில்லை. பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் எதிரே உட்கார்ந்து, தான் எடுக்க நினைப்பதைக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். நடந்ததையே திரும்ப, ஆனால் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்து. அவர்களுக்குப் பாடு இல்லாத நாளில். அவர் ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சுருளை இழுத்துப்போட்டதனால் இருக்கலாம். வேலையில்லாத நாளில் சினிமாவில் நடிக்க யாருக்குத்தான் கசக்கும் என்பதாலும் இருக்கலாம். "வெள்ளத்துணி மட்டும் கட்டக்கூடாது. சாவு இல்லாத ஊர்ல அது ஒரு தபாவே அதிகம்" என்று மட்டும் சொன்னார்.

நான் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வழி சொன்னேன். நம்மிடம் இருப்பது கறுப்பு வெள்ளைச் சுருள், மஞ்சள் துணியைக் கட்டினாலும் படத்தில் வெளுப்பாகத்தான் விழும், யாருக்கும் குறையில்லை. தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, "துணியே வேண்டாம்" என்றாள். "அவங்க பாக்கறத நாம காட்டவே போறதில்ல. மூஞ்சிய மட்டும் காட்டுவோம்." பெரியவர் விதித்த தடையையே அவள் காட்சியின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே சுருள். ஆண்கள் அன்றைக்குச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி, மாப்பிள்ளைகள் போல வந்து நின்றார்கள். எல்லோருடைய தலையையும் கலைத்து, சட்டையைக் கழற்றவைத்துப் படகில் ஏற்றுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. ஒருவர் தான் மட்டும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று அடம்பிடித்தார், நிற்கவிட்டோம். பெண்கள் மேட்டிலிருந்து ஓடிவர வேண்டும். அந்த அக்கா முன்னால் ஓடிவரட்டும் என்றதும், "நான் ஓடமாட்டேன். ஒரு தபா ஓடினது போதும்" என்று சொல்லிவிட்டாள். நான் வேறு ஆளைப் பார்த்தேன். எங்கள் டைரக்டர், "நீங்க நில்லுங்கக்கா, சும்மா நில்லுங்க" என்றாள். அப்படியே எடுத்தோம். திகில் படத்தில் ஓடவேண்டியவள் ஓடவில்லை, அலறவேண்டியவள் அலறவில்லை. மற்றவர்கள் எல்லாம் இருபுறமும் அவளைக் கடந்து ஓட, அவள் நின்றாள். தன் ஆள் கலைந்த தலையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிப் படகில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் கண் அந்தப் படகை விட்டு நகரவில்லை. அவர் இறங்கி வந்து "யாரு?" என்றார். அவளும் அதே சமயம் "யாரு?" என்றாள். சுருள் முடிந்தது.

இப்போது வயதாகிவிட்டது என்பதால் மாணவர் குறும்படப் போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களிடம் இருக்கும் கருவிகள் எங்களுக்குக் கனவில்கூட வந்ததில்லை. திகில் என்றால் நீல இருட்டு, காதைக் கிழிக்கும் ஒலி, கண்ணாடியில் திடீரென்று ஒரு முகம். கரும்பலகையில் இருந்த பட்டியல் நீண்டிருக்கிறது, மாறவில்லை. குறை சொல்ல மனசு வருவதில்லை, நானும் அந்த எலும்புக்கூட்டு வாசலில் கை பரபரக்க நின்றவன்தானே. ஆனால் எவரையாவது பார்த்து, இந்தப் பயம் யாருடையது, அவர்களைக் கேட்டு எடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் விழிப்பார்கள். எங்கள் டைரக்டர் என்றால் விழிக்கமாட்டாள். அவள் பிற்பாடு எடுத்த படங்கள் சிலதான், பெரிய பேரும் இல்லை. ஒன்றில்கூட யாரிடமிருந்தும் பறித்த முகம் இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த வருடம் எங்கள் காட்சியைத் திரையிட்ட அன்று கல்லூரியின் சிறிய அரங்கில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மற்றக் குழுக்களின் படங்களுக்கு இடையிடையே சிரிப்பும் சீட்டியும் வந்தன. எங்கள் படத்துக்கு வரவில்லை. படகுகள் திரும்பத் தொடங்கியபோது முன்வரிசையில் ஒருவன் திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுபோலக் கழுத்தைச் சாய்த்தான். இரண்டு "யாரு?"வும் ஒன்றாக ஒலித்து இருட்டான பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கு வந்ததும் எங்கள் ஆசிரியர் மெதுவாக எழுந்து வந்தார். இறுதியாண்டுப் படங்களில் ஒன்று அவளுக்கு என்று முதலில் சொன்னார், தான் அவளுக்குச் சொன்ன புத்திமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு, ஆசிரியராக இல்லாமல் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க வந்த ஆள் மாதிரி ஆவல் தாங்காமல் கேட்டார்.

"சரிம்மா, எனக்கு மட்டும் சொல்லு. அவங்க எல்லாம் அப்படி எதைப் பார்த்துப் பயந்து திரும்பினாங்க?"

அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்னையத்தானுங்க, சார்" என்றாள்.

அரங்கம் முழுவதும் சிரித்தது, அவரும் சிரித்தார். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.